சர்வீஸ்நவ் ரிலீஸ்: அப்டேட் செட்டுகளை மெர்ஜ் செய்வதா, பேட்ச் (batch) போடுவதா?

கேஆர்பி_டேம்:
எங்கள் டீமில் மூன்று நாளாக இதே பேச்சு. சர்வீஸ்நவ்வில் (அலுவலக வேலைகளை நடத்தும் கிளவுட் மென்பொருள்) மாதம் ஒரு ரிலீஸ். ஒவ்வொரு ஸ்டோரிக்கும் (செய்ய வேண்டிய சின்ன வேலை) ஒரு அப்டேட் செட் (மாற்றங்களை வேறு சிஸ்டத்துக்குக் கொண்டுபோகும் தொகுப்பு) என்று இந்த மாதம் 16 சேர்ந்துவிட்டது. எல்லாவற்றையும் ஒரே செட்டாக மெர்ஜ் செய்துவிடலாம் என்கிறார் லீட். பேட்ச் போதும் என்பது என் எண்ணம்: ஒரு தாய் செட், அதன் கீழ் இந்த 16 பிள்ளைகள். தாயை பிரிவ்யூ (ஏற்றும் முன் மோதல் உண்டா என்று பார்ப்பது) செய்தால் பிள்ளைகளும் சேர்ந்து பிரிவ்யூ ஆகும், கமிட்டும் (மாற்றங்களை ஏற்றுவது) அப்படித்தான். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர்_நைட்ஷிஃப்ட்:
உங்கள் லீட் சொல்வதுதான் சரி. ராத்திரி 12 மணிக்கு, எல்லோரும் பயன்படுத்தும் நிஜ சிஸ்டமான புரொடக்‌ஷனில் கமிட் செய்கிறவர் பெரும்பாலும் அந்தக் கோடை எழுதியவராக இருக்கமாட்டார். அவர் கையில் ஒரு செட் கொடுத்தால் ஒரு பிரிவ்யூ, ஒரு கமிட், முடிந்தது. முன்பு நான் இருந்த இடத்தில் 14 செட்டைத் தனித்தனியாகப் போட்டபோது வரிசை மாறி, பழைய ஸ்கிரிப்ட் புதியதன் மேல் ஏறிவிட்டது. மெர்ஜில் அந்தப் பயம் இல்லை. ஒரே ரெக்கார்டு (ஸ்கிரிப்ட், ஃபீல்டு போன்ற ஒரு பதிவு) பல செட்டில் இருந்தால் கடைசியாகத் திருத்தியது மட்டும்தான் புதிய செட்டுக்கு வரும்.

பாலக்கோடு_அக்கா:
தம்பி, வரிசை பிசகியது தனித்தனியாகப் போட்டதால். பேட்ச் போட்டிருந்தால் எது முன், எது பின் என்று பிளாட்ஃபார்மே பார்த்துக்கொண்டிருக்கும். மெர்ஜில் நான் பட்டதைச் சொல்கிறேன். ரிலீஸ் அன்று சாயங்காலம் பிசினஸ் தரப்பில் ஒரு ஸ்டோரியை மட்டும் நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். மெர்ஜ் முடிந்துவிட்டது, உள்ளே 300க்கு மேல் ரெக்கார்டுகள். எது அந்த ஸ்டோரியுடையது என்று ஒவ்வொன்றாகத் தேடி ஸ்கிப் செய்தோம். விடியற்காலை 3 மணி ஆகிவிட்டது. அப்படியும் ஒரு ஃபீல்டு தப்பிப்போய் ஃபார்மில் வந்து நின்றது.

எங்கள் ஊர் தக்காளி மார்க்கெட்டில் சரக்கு பெட்டி பெட்டியாகத்தான் லாரி ஏறும். கொட்டிக் கலந்துவிட்டால் எது யார் தோட்டத்துக் காய் என்று அப்புறம் பிரிக்கவே முடியாது. பேட்சில் அந்த ஒரு பிள்ளையின் பேரண்ட் ஃபீல்டைக் காலி செய்தால் வேலை முடிந்தது.

இன்னொன்று: ஒரு செட்டில் ஒரே அப்ளிகேஷன் ஸ்கோப்தான் (மாற்றம் எந்த அப்ளிகேஷனைச் சேர்ந்தது என்ற எல்லை) இருக்க வேண்டும். குளோபலையும் தனி ஸ்கோப்பையும் எப்படி ஒன்றாக மெர்ஜ் செய்வீர்கள்? பேட்சில் இரண்டும் ஒரே தாயின் கீழ் நிற்கும்.

ஓசூர்_நைட்ஷிஃப்ட்:
ஸ்கோப் விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அக்கா, பெட்டி தனியாக இருக்கிறது என்று நம்புவதில்தான் ஆபத்தே இருக்கிறது. அப்டேட் செட் நாம் மாற்றிய வரியை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை, ரெக்கார்டை முழுசாக எடுத்துக்கொள்கிறது. திங்கட்கிழமை முதல் ஸ்டோரிக்காக ஒரு ஸ்கிரிப்ட் இன்க்ளூடில் (பல இடங்களில் பயன்படும் பொதுக் கோடு) பத்து வரி சேர்க்கிறேன். புதன்கிழமை வேறொருவர் இரண்டாவது ஸ்டோரிக்காக அதே ஸ்கிரிப்டைத் தொடுகிறார். அவருடைய செட்டில் என் பத்து வரியும் இருக்கும். நீங்கள் என் செட்டைக் கழற்றிவிட்டாலும் என் கோடு அவர் செட் வழியாகப் புரொடக்‌ஷனுக்குப் போய்விடும், அதுவும் என் செட்டின் மற்ற ரெக்கார்டுகள் இல்லாமல், பாதியாக. அந்தப் பாதிக் கோடு மெர்ஜ் செய்ததைவிட மோசம்.

பாலக்கோடு_அக்கா:
உண்மைதான். எங்களுக்குத் தப்பிய ஃபீல்டும் அப்படி வந்ததுதான். ஃபார்ம் லேஅவுட்டும் செக்‌ஷன் முழுசாகத்தான் போகும், இரண்டு ஸ்டோரிகள் அதே செக்‌ஷனைத் தொட்டிருந்தன. ஆனால் அதற்காக 16ஐயும் கலக்க வேண்டாம். கஸ்டமர் அப்டேட் (செட்டுகளில் பதிவான மாற்றங்கள்) பட்டியலைத் திறந்து, இந்த ரிலீஸின் செட்டுகளை மட்டும் ஃபில்டர் செய்து, நேம் காலம் (column) வாரியாகக் குரூப் செய்யுங்கள். ஒரே பெயர் இரண்டு செட்டில் வந்தால் அந்த இரண்டு ஸ்டோரிகளும் பிரிக்க முடியாதவை. போனால் சேர்ந்து போக வேண்டும், நின்றால் சேர்ந்து நிற்க வேண்டும். அவற்றை மட்டும் ஒன்றாக்குங்கள், மற்றவை தனியாகவே இருக்கட்டும்.

ஓசூர்_நைட்ஷிஃப்ட்:
இது நல்ல யோசனை. இருந்தாலும் எதுவும் பின்வாங்கப்போவதில்லை என்று கையெழுத்தான சின்ன ரிலீஸுக்கு நான் மெர்ஜ்தான் செய்வேன். அதையும் டெஸ்டுக்கு அனுப்பும் முன்பே, டெவலப்மெண்டிலேயே செய்துவிட வேண்டும். டெஸ்டில் 16 செட்டாகப் பார்த்துவிட்டு புரொடக்‌ஷனில் வேறொன்றைப் போடக்கூடாது.

பாலக்கோடு_அக்கா:
அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. மெர்ஜ் செய்தால் பழைய செட்டுகளின் பெயரையும் மாற்றிவிடுங்கள். மிச்சமிருக்கும் பழைய ரெக்கார்டுகளோடு அவை அங்கேயே கிடக்கும், யாராவது தெரியாமல் கமிட் செய்துவிடுவார்கள். அப்புறம், புது யூசர் குரூப் ஏதாவது உருவாக்கியிருந்தால் அது எந்தச் செட்டிலும் தானாக ஏறாது. எக்ஸ்எம்எல் ஃபைலாகத் தனியே கொண்டுபோக வேண்டும்.

கேஆர்பி_டேம்:
அக்கா சொன்னபடி குரூப் செய்து பார்த்தேன். 5 ரெக்கார்டுகள் இரண்டு செட்டுகளில் இருக்கின்றன, ஐந்துமே அப்ரூவல் சம்பந்தப்பட்ட அதே இரண்டு ஸ்டோரிகள். அவை இரண்டையும் ஒன்றாக்கி, மற்ற 14ஐயும் அதையும் ஒரே தாயின் கீழ் வைக்க லீட் சம்மதித்துவிட்டார். ஆனால் தேடும்போது வேறொன்றும் கண்ணில் பட்டது. யாரோ செட்டைத் தேர்ந்தெடுக்காமல் வேலை செய்ததில் 3 மாற்றங்கள் டிஃபால்ட் செட்டில் (எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் தானாகப் போய் விழும் செட்) கிடக்கின்றன, அதில் ஒன்று பிசினஸ் ரூல் (ரெக்கார்டு சேமிக்கப்படும்போது போன்ற நேரங்களில் தானாக ஓடும் ஸ்கிரிப்ட்). அவை எந்த ஸ்டோரியுடையவை என்று இப்போது ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.