ரெஸ்யூமில் இடம் பிடிக்காத வேலை

சென்னை, பேக்எண்ட் நிரலர், 14 ஆண்டு அனுபவம்:

நண்பர்களுக்கு வணக்கம். சென்ற மாதம் எங்கள் குழுவுக்கு இரண்டு பேக்எண்ட் நிரலர்களை (திரைக்குப் பின்னால் சர்வரில் ஓடும் பகுதியை எழுதுபவர்களை) எடுக்க வேண்டியிருந்ததால், வந்து குவிந்தவற்றில் 140 ரெஸ்யூம்களை நானே உட்கார்ந்து படித்தேன். தந்தை பெயர், திருமண நிலை, பத்தாம் வகுப்பு மதிப்பெண், பொழுதுபோக்கு என்ற தலைப்பில் பாட்டுக் கேட்டல், கடைசியில் மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை என்ற உறுதிமொழி, அதன் கீழே இடம், தேதி, கையொப்பம்: இதற்கும் ரேஷன் அட்டை விண்ணப்பத்துக்கும் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. எட்டு ஆண்டு அனுபவம் உள்ளவர்கூட பன்னிரண்டாம் வகுப்பில் எத்தனை சதவீதம் எடுத்தார் என்பதைத் தவறாமல் சொல்கிறார். அந்த எட்டு ஆண்டில் என்ன செய்தார் என்பதற்கு ‘இன்வால்வ்டு இன் கோடிங், யூனிட் டெஸ்டிங் அண்ட் பக் ஃபிக்ஸிங்’ என்ற ஒரு வரிதான் இருக்கிறது. மூன்று பேரிடம் அந்த வரி ஒரே எழுத்துப்பிழையோடு இருந்தது.

இதை இங்கே எழுதக் காரணமானவர் ஒருவர் உண்டு. அவருடைய ரெஸ்யூமை நான் ‘வேண்டாம்’ என்ற காகிதக் கட்டுக்குள் போட்டுவிட்டேன். எங்கள் அலுவலகத்திலேயே ஒருவர் அவருக்காகச் சொன்னதால்தான் பேச அழைத்தேன். ‘பேமெண்ட் மாட்யூலில் பணியாற்றினேன்’ என்றிருந்த வரியைக் காட்டி, இதில் உங்களுக்குத் தூக்கம் கெட்ட நாள் எது என்று கேட்டேன். மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சில வாடிக்கையாளர்களுக்கு ஒரே கட்டணம் இரண்டு முறை பதிவாகியிருக்கிறது. அவர்கள் பொத்தானை இரண்டு முறை அழுத்தியிருப்பார்கள் என்று சொல்லி எல்லோரும் நகர்ந்துவிட்டார்கள். இவர் மட்டும் இரண்டு இரவுகள், சர்வரில் நடந்தவை பதிவாகும் லாக் கோப்புகளைப் பார்த்து, தங்கள் சர்வர் உரிய நேரத்தில் பதில் தராதபோது பணம் செலுத்துவதைக் கையாளும் இடைச்சேவையான பேமெண்ட் கேட்வே, பணம் வந்தது என்ற அதே செய்தியை மறுபடி அனுப்புகிறது என்பதையும், தங்கள் நிரல் அதைப் புதிய பணமாக எண்ணிப் பதிகிறது என்பதையும் கண்டுபிடித்திருக்கிறார். பரிவர்த்தனை எண் டேட்டாபேஸில் இரண்டாம் முறை நுழைய முடியாதபடி தடை வைத்து, மறுபடி வரும் செய்திக்குப் பழைய பதிலையே திருப்பித் தரச் செய்திருக்கிறார். திருத்தம் நாற்பது வரிகூட இல்லையாம். இதை ஏன் ரெஸ்யூமில் எழுதவில்லை என்று கேட்டேன். “அதெல்லாம் எழுதலாமா சார்?” என்றார்.

அவரை எடுத்துக்கொண்டோம். ஆனால் சொல்வதற்கு ஆள் இல்லாமல் அந்தக் கட்டுக்குள்ளேயே கிடந்தவர்களை நினைத்தால் எனக்கு உறுத்துகிறது. மேசையின் அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ உட்கார்ந்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதினால் பயன்படும்.

கோயம்புத்தூர், வங்கி மென்பொருள், 8 ஆண்டு பணி, 3 ஆண்டு இடைவெளி:

வணக்கம் சார். குழந்தை பிறந்த பிறகு மூன்று ஆண்டுகள் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வேலை தேடியவள் நான். ரெஸ்யூமை விட்டொழித்து, நிரலர்கள் தங்கள் நிரலைப் போட்டுவைக்கும் கிட்ஹப் தளத்தைப் பாருங்கள் என்று பலரும் சொல்கிறார்கள். அந்த யோசனை என்னைப் போன்றவர்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு ஒரு நேர்காணலைச் சொல்கிறேன். எதிரே இருந்த இளைஞர் என் கிட்ஹப் பக்கத்தைத் திறந்து, நிரல் சேர்த்த நாள்களைக் காட்டும் பச்சைக் கட்டங்கள் ஒன்றுகூட இல்லாத அந்த வெள்ளைப் பலகையை என் பக்கம் திருப்பி, “எட்டு வருஷமா கோட் எழுதியிருக்கீங்க, இங்க ஒண்ணுமே இல்லையே மேடம்” என்றார். நான் எழுதியதெல்லாம் வாடிக்கையாளர் வங்கியின் பூட்டிய ரெப்பாசிட்டரியில் (நிரல் சேமிப்பகத்தில்) இருக்கிறது. ஒப்பந்தப்படி அதில் ஒரு வரியைக்கூட வெளியே காட்ட முடியாது. இரவு பத்து மணிக்குக் குழந்தையைத் தூங்கவைத்த பிறகு பச்சைக் கட்டம் நிரப்ப எனக்குத் தெம்பும் இருந்ததில்லை.

அதன் பிறகு என் கணவரின் நண்பர் ஒருவர் சொன்னபடி ஒன்று செய்தேன். நான் செய்த வேலைகளில் ஒன்றை மட்டும் எடுத்து, வங்கியின் பெயரோ கணக்கு விவரமோ இல்லாமல், இரண்டு பக்கம் எழுதினேன். ஒவ்வொரு இரவும் ஆறு மணி நேரம் ஓடிக்கொண்டிருந்த வட்டிக் கணக்கீட்டு பேட்ச் (எல்லாக் கணக்குகளையும் மொத்தமாகச் செய்யும் நிரல்), மாதக் கடைசியில் காலைக் கிளை திறக்கும் நேரத்துக்குள் முடியாமல் தவித்த கதை அது. ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனியே கமிட் செய்துகொண்டிருந்ததை, அதாவது டேட்டாபேஸில் நிரந்தரமாகப் பதிந்துகொண்டிருந்ததை, ஆயிரம் ஆயிரமாகச் சேர்த்துச் செய்ததும், தேதிப் பத்தியில் விரைவாகத் தேட உதவும் இண்டெக்ஸ் இல்லாததைக் கண்டதும், முதலில் தவறான இடத்தில் இண்டெக்ஸ் போட்டு நிலைமையை இன்னும் மோசமாக்கியதும் எல்லாம் அதில் இருந்தன. கடைசியில் அந்த வேலை ஐம்பது நிமிடத்தில் முடிந்தது. நான் செய்த தவறை எழுதலாமா என்று மிகவும் தயங்கினேன். என்னை எடுத்த நிறுவனத்தில் அந்தத் தவறைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த இரண்டு பக்கத்தைப் பதினோரு இடங்களுக்கு அனுப்பினேன். படித்ததற்கான அடையாளம் மூன்று இடங்களில்தான் தெரிந்தது. மற்ற இடங்களில் மூன்று ஆண்டு இடைவெளியைத் தாண்டி யாருடைய கண்ணும் கீழே இறங்கவில்லை.

விருதுநகர் மாவட்டம், 2 ஆண்டு அனுபவம்:

அண்ணாவுக்கும் அக்காவுக்கும் வணக்கம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மூன்றிலும் 60 சதவீதம், நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது என்ற விதி எங்கள் கல்லூரி வளாகத் தேர்வுக்கு வந்த பெரும்பாலான நிறுவனங்களில் இருந்தது. நான் பன்னிரண்டாம் வகுப்பில் 57. அதனால் தேர்வு அறைக்குள்ளேயே போகாமல் வெளியே வராண்டாவில் நின்ற கூட்டத்தில் நானும் ஒருவன்.

எனக்கு வழி திறந்தது வேறொரு சிறு விஷயம். தமிழில் ‘கொ’ என்பது நமக்கு ஓர் எழுத்து. கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் அது ககரம் ஒன்று, ஒகரக் குறி ஒன்று என இரண்டு குறியீடுகள். அந்த ஒகரக் குறியையே ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் சேமிக்க முடியும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். யாரும் நிரலைப் பார்த்துத் திருத்தம் அனுப்பக்கூடிய ஒரு கட்டற்ற தமிழ் அகராதித் திட்டத்தில் ‘கொக்கு’ என்று தேடினால் சில பதிவுகள் மட்டும் வராமல் போனதற்குக் காரணம் இதுதான். சேமிக்கும்போதும் தேடும்போதும் சொல்லை ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும் சிறு திருத்தத்தை அனுப்பினேன். அந்தத் திட்டத்தின் பராமரிப்பாளர் உடனே ஏற்கவில்லை. பழைய பதிவுகளை என்ன செய்வது, ‘கௌ’ எழுத்தின் வால் பகுதியை மக்கள் ளகரமாகத் தட்டச்சு செய்துவிடுகிறார்களே, அதை உன் திருத்தம் சரிசெய்யுமா என்று கேள்வி மேல் கேள்வி கேட்டார். செய்யாது என்று ஒப்புக்கொண்டு, அதற்குத் தனியாகச் சோதனைகள் எழுதினேன். பதினெட்டு நாள் அந்த உரையாடல் நீண்டது.

ரெஸ்யூமில் அந்த உரையாடலின் இணைப்பை முதல் வரியாக வைத்தேன். மதுரையில் ஒரு சிறிய நிறுவனத்தில் என்னை நேர்கண்டவர் அதை முழுவதும் படித்துவிட்டு வந்திருந்தார். முக்கால் மணி நேரம் அதைப் பற்றியே பேசினோம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை அவர் கேட்கவே இல்லை. வேலையில் சேர்ந்த பிறகு மனிதவளத் துறைப் படிவத்தில் நிரப்பச் சொன்னார்கள், அது வேறு கதை.

பெங்களூரு, ஆள்சேர்ப்புப் பணி:

இங்கே எல்லோரும் ரெஸ்யூமைத் திட்டுவதால் அதன் பக்கமும் நின்று ஒரு வார்த்தை சொல்கிறேன். நீங்கள் அனுப்பும் கோப்பை முதலில் திறப்பது பெரும்பாலும் மனிதர் அல்லர், விண்ணப்பங்களைப் பிரித்து அடுக்கும் மென்பொருள். அழகுக்காக இரண்டு பத்திகளாக அமைத்த பிடிஎஃப்பை அது இடமிருந்து வலமாகக் குறுக்கே படித்து, உங்கள் கல்லூரிப் பெயரையும் முந்தைய பதவியையும் ஒரே வாக்கியமாக ஒட்டிவிடக்கூடும். தலைப்புப் பகுதிக்குள் வைத்த கைபேசி எண் காணாமல் போன விண்ணப்பங்களை நான் கையால் திருத்தியிருக்கிறேன். ஜாவாவுக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம் என்று வரைவதால் எந்தப் பயனும் இல்லை. அந்த நான்கை யார் கொடுத்தார்கள்? நோட்டீஸ் காலம் (ராஜினாமா கொடுத்த பிறகு பழைய நிறுவனத்தில் இருக்க வேண்டிய நாள்கள்) 90 நாளா 30 நாளா என்பதை மட்டும் மேலேயே தெளிவாக எழுதுங்கள். எங்களிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி அதுதான்.

மாற்று முயற்சிகள் வராமல் இல்லை. நிரலர்கள் கேள்வி பதில் பரிமாறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 2016-இல் ‘டெவலப்பர் ஸ்டோரி’ என்ற பெயரில், நிரலர் தான் செய்தவற்றைக் காலவரிசையில் கதைபோலக் காட்டும் பக்கத்தைக் கொண்டுவந்தது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. ஆனாலும் என் மேலாளர்கள் அதன் இணைப்பை அனுப்பினால், “வேர்டு ஃபைல் இருக்கா?” என்றுதான் கேட்டார்கள். 2022-இல் அந்தத் தளம் தன் வேலைவாய்ப்புப் பகுதியோடு சேர்த்து அதையும் மூடிவிட்டது.

சென்னை, ஃபிரண்ட்எண்ட், 5 ஆண்டு அனுபவம்:

ரெஸ்யூமுக்குப் பதிலாக வேலையைக் காட்டச் சொல்கிறோம் என்று ஒரு நிறுவனம் வெள்ளிக்கிழமை மாலை எனக்கு ஒரு பணி கொடுத்தது: லாகின், தேடல், அறிக்கை எல்லாம் கொண்ட முழுச் செயலி. சனி ஞாயிறு இரண்டு நாளும் விழுந்து விழுந்து செய்து அனுப்பினேன். ஏழு மாதம் ஆகிறது, கிடைத்தது என்ற பதில்கூட இன்னும் வரவில்லை.

சென்னை, பேக்எண்ட் நிரலர் (மறுபடியும்):

அனைவருக்கும் நன்றி. கோவைச் சகோதரி எழுதியதைப் படித்த பிறகு, எங்களுடைய அடுத்த அறிவிப்பில் ரெஸ்யூமோடு ஒரு பத்தி கேட்டோம்: நீங்கள் திருத்திய ஒரு பிழை, அதைக் கண்டுபிடித்த விதம். சாட்ஜிபிடி இருக்கும் காலத்தில் என்ன வரும் என்று முன்பே யோசித்திருக்க வேண்டும். முதல் இருபதில் பன்னிரண்டு ஒரே அச்சில் வார்த்தவை; எல்லாவற்றிலும் மெமரி லீக் (நினைவகம் விடுவிக்கப்படாமல் வீணாகும் பிழை), எல்லாவற்றிலும் 40 சதவீத முன்னேற்றம். ஆகவே இப்போது பத்தியை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பதினைந்து நிமிடம் தொலைபேசியில் அதையே சொல்லச் சொல்லிக் கேட்கிறோம். 140 பேரோடு இப்படிப் பேச முடியாது என்பது எங்களுக்கும் தெரிகிறது. முப்பது பேரோடு பேசுகிறோம். அந்த முப்பது பேரை இன்னும் ரெஸ்யூமைப் பார்த்துத்தான் பிரிக்கிறோம்.

இதற்கிடையே என் பழைய ரெஸ்யூமை எடுத்துத் திருத்த உட்கார்ந்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன. 2015-இல் எங்கள் தேடல் சேவையை எத்தனை நொடியிலிருந்து எத்தனை நொடிக்குக் குறைத்தேன் என்பது எனக்கே நினைவில்லை, எங்கும் குறித்து வைக்கவும் இல்லை. ‘இன்வால்வ்டு இன் கோடிங்’ என்ற வரி நான்கு இடங்களில் இருந்தது.