வேர்ட்பிரஸ் (இணையதளம் அமைக்கும் மென்பொருள்) டெம்ப்ளேட்: பக்க உள்ளடக்கமும் பதிவுகளும் சேர்ந்து வரணும்

கேள்வி: மேலே எடிட்டரில் எழுதினது, கீழே ஒரு வகையின் 6 பதிவுகள் வரணும். பதிவுகளை எடுக்க 'குவரி_போஸ்ட்ஸ்' கட்டளை போட்டதும் பக்க உள்ளடக்கம் காணோம். ஏன்?

பதில் 1: அது முதன்மைக் குவரியையே (பக்கத்துக்கு வேண்டியதைத் தரவுத்தளத்தில் கேட்டு எடுக்கும் கோரிக்கை) மாற்றிவிடும், தூக்கிடுங்க. முதலில் வழக்கமான லூப்பில் (கிடைத்ததை ஒவ்வொன்றாகக் காட்டும் சுழற்சி) உள்ளடக்கத்தைக் காட்டும் 'தி_கன்டென்ட்'. அதை மூடிட்டு, தனி மாறியில் புது 'டபிள்யூபி_குவரி' (தனிக் கோரிக்கை), அதில் 'போஸ்ட்ஸ்_பெர்_பேஜ்' (பக்கத்துக்கு எத்தனை பதிவு) 6. இரண்டாவது லூப்பில் 'ஹேவ்_போஸ்ட்ஸ்' (இன்னும் பதிவு இருக்கான்னு பார்ப்பது), 'தி_போஸ்ட்' (அடுத்த பதிவுக்கு நகர்வது) ரெண்டையும் அந்த மாறி வழியாவே கூப்பிடணும். 'தி_போஸ்ட்'டை மட்டும் வெறுமனே எழுதினா லூப் நிக்கவே நிக்காது, பக்கம் தொங்கிடும்.

பதில் 2: இரண்டாவது லூப் முடிஞ்சதும் 'டபிள்யூபி_ரீசெட்_போஸ்ட்டேட்டா' (பழைய பக்கத்தின் தகவலுக்குத் திரும்பும் கட்டளை) கட்டாயம். இல்லேன்னா கீழே வர்ற தலைப்பு, கருத்துப் பெட்டி எல்லாம் கடைசிப் பதிவோடதா மாறிடும்.

கேள்வி கேட்டவர்: சரியாயிடுச்சு. ஆனா 2ஆம் பக்கத்திலும் அதே 6 பதிவுகள்தான்.

பதில் 2: 'பேஜ்டு' மதிப்பை (இப்போ எத்தனாவது பக்கம்ங்கிற எண்) குவரிக்குக் கொடுங்க. நிலையான முகப்புப் பக்கம்னா அது 'பேஜ்'ங்கிற பேரில் வரும்; பலரும் தடுக்கி விழற இடம்.