தவணை பாக்கி இருக்கும்போது பேங்க் பிடித்த காசைக் கேட்கலாமா?

தறிக்காரன்
பள்ளிபாளையம் பக்கம் நாலு தறி ஓட்டுகிறேன். 2024 நவம்பரில் ஒரு தனியார் வங்கியில் வீட்டுக்கடன் வாங்கினேன். 15 லட்சம், 15 வருடம், 9.5 சதவீதம். கைக்கு வந்தது 15 லட்சம்தான். ஸ்டேட்மென்டில் பார்த்தால் கடன் 15,60,000. மேலே இருக்கிற அறுபதாயிரம் கடன் காப்பீடாம் (நான் இறந்தால் கடனை அடைப்பது), ஒரே பிரீமியமாக எடுத்துக் கடனோடு சேர்த்துவிட்டார்கள். கையெழுத்துப் போட்ட அன்று "இது எல்லாருக்கும் உண்டு சார், இது இல்லாமல் ஃபைல் நகராது" என்றார் அந்தப் பையன்.

இப்போது ஆர்டர் இல்லை, இரண்டு தவணை பாக்கி. போன மாதம் ஒரே தவணைக்கு மூன்று முறை ஆட்டோ டெபிட் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கடன் கொடுத்த வங்கி 590, என் சேமிப்புக் கணக்கு இருக்கும் வங்கி 590. மொத்தம் 3,540 ரூபாய். அது போக பீனல் சார்ஜ் (தாமத அபராதம்), அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி.

இதையெல்லாம் எழுதிக் கேட்கலாம் என்றால் மச்சான் தடுக்கிறார். "நீயே பாக்கிக்காரன், நீ வாயைத் திறந்தால் வாசலில் நோட்டீஸ் ஒட்டுவான், பேசாமல் கட்டு" என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேலாளர் (ஓய்வு)
கிளை மேலாளராக இருந்தவன் என்பதால் கசப்பாகவே சொல்கிறேன். உங்கள் மச்சான் சொல்வதில் பாதி சரி. புகார் கொடுத்தால் கடிகாரம் நிற்காது. பாக்கி 90 நாளைத் தாண்டினால் கணக்கு வாராக்கடன். அதன்பிறகு, அடமான வீட்டை வங்கியே எடுத்து விற்க வழி செய்யும் சர்ஃபேசி சட்டத்தில் 60 நாள் நோட்டீஸ் வரும். அப்போது 590 ரூபாய்க்காகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன் என்று யாரிடம் சொல்வீர்கள்?

ஆட்டோ டெபிட் திரும்புவதையும் லேசாக எடுக்காதீர்கள். கணக்கில் பணம் இல்லாமல் திரும்பினால் 2007ஆம் ஆண்டு பணம் செலுத்தல், தீர்வு முறைகள் சட்டத்தின் 25ஆவது பிரிவில் செக் பவுன்ஸ் மாதிரியே வழக்குப் போடலாம்.

காப்பீட்டை ஏன் திட்டுகிறீர்கள்? கொரோனா இரண்டாம் அலையில் கணவனை இழந்து கிளைக்கு வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். காப்பீடு இருந்தவர்கள் வீட்டுப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். இல்லாதவர்கள் தவணை கட்ட நகையை வைத்தார்கள்.

கணக்குப்பிள்ளை
மேலாளர் சார், காப்பீடு கெட்டது என்று யார் சொன்னது? அதை விற்ற விதம்தான் கேள்வி.

60,000 ரூபாயைக் கடனில் ஏற்றினால் தவணையில் மாதம் ஏறக்குறைய 627 ரூபாய் கூடுகிறது. 15 வருடத்தில் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். பிரீமியம் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு வட்டியும். தறிக்காரன் தனியாக ஒரு டேர்ம் பாலிசி (இறந்தால் மட்டும் பணம் தரும் ஆயுள் காப்பீடு) எடுத்து வருடா வருடம் கட்டியிருந்தால் வட்டி என்ற பேச்சே கிடையாது. கடனை ஏழாம் வருடமே அடைத்தால் பாலிசியை நிறுத்திவிட்டுப் போயிருக்கலாம்.

"இது இல்லாமல் ஃபைல் நகராது" என்று சொன்னார்களே, அந்த ஒரு வரிதான் விஷயம். வங்கி தரும் சேவைக்கும் காப்பீடு எடுப்பதற்கும் நேராகவோ மறைமுகமாகவோ முடிச்சுப் போடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. வாடிக்கையாளர் தானாக விரும்பி எடுக்க வேண்டும்.

பீனல் சார்ஜ் விஷயத்தில் ரிசர்வ் வங்கியின் 2023 ஆகஸ்ட் சுற்றறிக்கை இருக்கிறது. புதுக் கடன்களுக்கு 2024 ஏப்ரல் 1 முதல் அமல், ஆகவே இந்தக் கடனுக்கும் உண்டு. அபராதத்தை வட்டியாகப் போடக் கூடாது, அசலோடு சேர்த்து அதன்மேல் வட்டி போடக் கூடாது. அதற்கு ஜிஎஸ்டியும் கிடையாது. 2024 டிசம்பர் ஜெய்சல்மர் ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தில் சொல்லி, 2025 ஜனவரியில் சுற்றறிக்கையே வந்துவிட்டது. அந்த 18 சதவீதத்தைத் திருப்பிக் கேட்க வக்கீல்கூட வேண்டாம்.

சிறுசேமிப்பு
எனக்கு இந்தப் பேச்சு கொஞ்சம் எரிச்சலாக இருக்கிறது. எங்கள் டெபாசிட்டை எடுத்துத்தான் கடன் கொடுக்கிறார்கள். நேரத்துக்குக் கட்டாதவருக்கு அபராதம் போடாமல் மாலையா போடுவார்கள்? அபராதம் வலித்தால்தான் அடுத்த மாதம் தேதி ஞாபகம் இருக்கும். இதையெல்லாம் தள்ளுபடி செய்தால், ஒழுங்காகக் கட்டுகிற என்னை மாதிரி ஆளிடம் வேறு பெயரில் பிடிப்பார்கள்.

கணக்குப்பிள்ளை
அபராதமே வேண்டாம் என்று யாரும் கேட்கவில்லை. கடன் ஒழுங்குக்காகத்தான் அபராதம், வங்கியின் வருமானத்தைக் கூட்டுவதற்கு அல்ல என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. கணக்கில் பணம் இல்லை என்று முதல் முறையே தெரிந்த பிறகு அதே மாதத்தில் இன்னும் இரண்டு முறை போட்டுப் பார்ப்பதில் என்ன ஒழுங்கு வந்தது? தறி ஓடினால்தானே காசு வரும்.

மேலாளர் (ஓய்வு)
ஒன்றோடொன்றைக் குழப்புகிறீர்கள். அந்தச் சுற்றறிக்கை பீனல் சார்ஜுக்கு. டெபிட் திரும்பியதற்கான கட்டணம் வேறு தலைப்பு. அதை எதிர்க்க வேண்டுமானால் கடன் வாங்கும்போது கொடுத்த, வட்டி, கட்டணம் எல்லாம் பட்டியலிட்ட முக்கிய விவர அறிக்கையை எடுங்கள். 2024 அக்டோபர் 1க்குப் பிறகு கொடுத்த கடன் என்பதால் அது இருந்தே ஆக வேண்டும். அதில் இல்லாத கட்டணத்தை, கடன் வாங்கியவரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வாங்க முடியாது. காப்பீட்டுத் தொகையும் அதில் ஆண்டுச் செலவு விகிதத்துக்குள் (வட்டியும் கட்டணங்களும் சேர்ந்த சதவீதம்) வந்திருக்க வேண்டும். வந்திருந்தால் "எனக்குத் தெரியாது" என்ற வாதம் பலவீனமாகிவிடும். கையெழுத்து உங்களுடையது, ஓடிபி உங்கள் போனுக்கு வந்தது.

தறிக்காரன்
அறிக்கையைத் தேடி எடுத்தேன். காப்பீடு என்று ஒரு வரி இருக்கிறது, தொகையும் இருக்கிறது. விருப்பமா கட்டாயமா என்று ஒன்றும் இல்லை. பீனல் சார்ஜ் இருக்கிறது. டெபிட் திரும்பினால் 500 மற்றும் ஜிஎஸ்டி என்றும் இருக்கிறது. மாதம் எத்தனை முறை போடுவார்கள் என்று இல்லை.

இன்னொன்று. காப்பீட்டு விண்ணப்பத்தின் நகல் இப்போதுதான் மெயிலில் கேட்டு வாங்கினேன். அதில் சர்க்கரை நோய் இருக்கிறதா என்ற கேள்விக்கு "இல்லை" என்று டிக் செய்திருக்கிறது. எனக்குச் சர்க்கரை வந்து பல வருடம் ஆகிறது. அந்தப் பையனிடம் சொன்னேன். டிக் போட்டது நான் இல்லை.

திண்டுக்கல் டீச்சர்
தம்பி, இதுதான் பெரிய விஷயம். அறுபதாயிரத்தை விட இது பெரிது. நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஆனால், "நோயை மறைத்தார்" என்று காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும். கடனும் இருக்கும், கட்டிய பிரீமியமும் போகும். உடனே எழுத்தில் கொடுங்கள்.

மேலாளர் (ஓய்வு)
அவசரப்பட வேண்டாம் டீச்சரம்மா. காப்பீட்டுச் சட்டம் 45ஆவது பிரிவின்படி மூன்று வருடம் கடந்துவிட்டால் எந்தக் காரணம் சொல்லியும் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது.

திண்டுக்கல் டீச்சர்
அந்த மூன்று வருடம் 2027 நவம்பர் வாக்கில்தான் முடியும் சார். அதுவரை ஒன்றும் ஆகக் கூடாது என்று சாமியிடம் வேண்டிக்கொள்ளச் சொல்கிறீர்களா?

எங்கள் பக்கம் மகளிர் குழுக் கடனிலும் இதே கதைதான். வாராந்திர மீட்டிங்கில் பணம் கொடுக்கும்போதே காப்பீட்டைப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். கணவன் மனைவி இருவருக்கும் என்பார்கள். காப்பீட்டுச் சான்றிதழை எந்த அக்காவும் பார்த்ததில்லை. ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி காப்பீடு போன்றவற்றை முழுச் சம்மதத்தோடுதான் கொடுக்க வேண்டும், அதற்கான கட்டணத்தைக் குழுக் கடன் விவரம் எழுதும் அட்டையிலேயே எழுத வேண்டும், அட்டை அவர்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். அட்டையைத் திருப்பிப் பார்க்கச் சொன்னால், "கேட்டால் அடுத்த கடன் கிடைக்காது டீச்சர்" என்கிறார்கள். பயம்தான் அங்கே வசூல் ஏஜென்ட்.

கணக்குப்பிள்ளை
தறிக்காரன், சான்றிதழ் உங்கள் கைக்கு வந்ததா? பாலிசி ஆவணம் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். 2024 ஏப்ரலுக்குப் பிறகு எந்த வழியில் விற்றிருந்தாலும் 30 நாள். ஆவணமே தரவில்லை என்றால் அந்த 30 நாள் எப்போது தொடங்கியது என்று அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

தறிக்காரன்
வரவே இல்லை. மெயிலிலும் தேடிவிட்டேன்.

லண்டன் வாசி
யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே இருக்கிறேன். இங்கும் இப்படித்தான் கடனோடும் கிரெடிட் கார்டோடும் காப்பீட்டை ஒட்டி விற்றார்கள், பிபிஐ என்று பெயர். கேட்டு வாங்கலாம் என்று தெரிந்ததும் சனம் விடவில்லை. 2019 ஆகஸ்ட் 29 கடைசி நாள். வங்கிகள் மொத்தமாகத் திருப்பிக் கொடுத்தது கிட்டத்தட்ட 38 பில்லியன் பவுண்டு. ஆனால் அதற்கு முன்னால் கணக்கில் காசில்லாமல் போனால் பிடிக்கிற கட்டணங்களை எதிர்த்த வழக்கு, 2009 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றுப்போனது. அதாவது கட்டணம் அதிகம் என்று சண்டை பிடித்தவர்கள் தோற்றார்கள், தவறாக விற்றார்கள் என்று கேட்டவர்கள் வென்றார்கள். தறிக்காரன் தம்பியும் தன் முழுப் பலத்தையும் காப்பீட்டில் போடுவது நல்லது.

இன்னொன்றையும் சொல்ல வேணும். பாக்கி இருந்தவர்களுக்கு அந்தக் காசு கையில் வரவில்லை. வங்கி பாக்கியில் கழித்துக்கொண்டது. காசு வரும் என்று நம்பி வேறு செலவைத் தலையில் போட்டுக்கொண்டவர்கள் திண்டாடினார்கள். அதைவிட மோசம், இடையில் புகுந்து கமிஷன் அடித்த கம்பனிகள்.

சிறுசேமிப்பு
அப்படியென்றால் கேட்டு என்ன பயன்? ஒரு பையில் இருந்து இன்னொரு பைக்கு.

கணக்குப்பிள்ளை
இவருக்கு அது நல்லதுதானே. அறுபதாயிரம் அசலில் கழிந்தால் அதற்குரிய வட்டி போகும், மாதம் அறுநூற்றுச் சொச்சம் குறையும். பாக்கியில் கழிந்தால் இரண்டு தவணையும் தீர்ந்துவிடும். இவர் தவணை 16,290 வாக்கில் இருக்கும், இரண்டுக்கு 32,580. கணக்கு நேராகிவிடும் சார்.

லண்டன் வாசி சொன்ன கமிஷன் கும்பல் இங்கேயும் இருக்கிறது. "இஎம்ஐ கட்டுவதை நிறுத்துங்கள், நாங்கள் செட்டில் செய்து தருகிறோம்" என்பார்கள். அதை நம்பினால் உங்கள் கடன் வரலாறு பதியும் சிபிலில் "செட்டில்டு" என்று விழும், அடுத்த கடன் கிடைப்பது கஷ்டம். கேள்வி கேட்பது வேறு, கட்டாமல் இருப்பது வேறு.

மேலாளர் (ஓய்வு)
இந்த வரியை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

சரி, நடைமுறை. முதலில் வங்கிக்கு எழுத்தில். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன் (குறை கேட்கும் அதிகாரி). ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ். புகார் தளத்தில் கட்டணம் இல்லாமல் பதியலாம், சந்தேகம் இருந்தால் 14448. வங்கி காப்பீட்டை விற்றதில் உள்ள குறையையும் அங்கே கேட்கலாம். 2017லேயே அதைச் சேர்த்துவிட்டார்கள். கடன் கொடுத்தது வங்கியா, ஹவுசிங் ஃபைனான்ஸ் நிறுவனமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது என்றால் போக வேண்டிய இடம் தேசிய வீட்டுவசதி வங்கி. நிறையப் பேர் தப்பான கதவைத் தட்டி மாதங்களை இழக்கிறார்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். ஆனால் அங்கே வழக்கு நடக்கும்போது அதே விஷயத்தை ஆம்புட்ஸ்மேன் எடுக்க மாட்டார். அதனால் முதலில் ஆம்புட்ஸ்மேன்.

தறிக்காரன்
நன்றி சார். கடிதம் இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

"ஐயா, உங்கள் ஊழியர் என்னை ஏமாற்றி, மிரட்டி, காப்பீட்டை என் தலையில் கட்டினார். நான் ஏழை நெசவாளி. சர்க்கரை நோய் இருப்பதாகச் சொல்லியும் பொய்யாக எழுதினீர்கள். 60,000 ரூபாயையும் அநியாயமாகப் பிடித்த எல்லாக் கட்டணத்தையும் உடனே திருப்பித் தராவிட்டால் தவணை கட்ட மாட்டேன்."

மேலாளர் (ஓய்வு)
கடைசி வரியை முதலில் அடியுங்கள். "கட்ட மாட்டேன்" என்று நீங்களே எழுதிக் கொடுத்தால் அதைத்தான் ஃபைலில் மேலே வைப்பார்கள். பதிலாக "பாக்கித் தவணைகளை இன்ன தேதிக்குள் கட்டுகிறேன்" என்று எழுதி, சொன்னபடி ஒன்றையாவது கட்டிவிடுங்கள். ஏழை நெசவாளி வேண்டாம். ஏமாற்றி, மிரட்டியும் வேண்டாம், அதை நிரூபிக்கச் சொல்வார்கள். நடந்ததை எழுதுங்கள்: இன்ன தேதி, இன்ன கிளை, "காப்பீடு இல்லாமல் ஃபைல் நகராது" என்று சொன்ன வாக்கியம் அப்படியே.

திண்டுக்கல் டீச்சர்
சர்க்கரைக்கு மருந்து வாங்கிய பழைய சீட்டு, 2024 நவம்பருக்கு முந்தையது ஏதாவது இருந்தால் நகல் வையுங்கள் தம்பி. விண்ணப்பத்தில் இருப்பது உங்கள் கையெழுத்துதானா, டிக் வேறு மையா என்றும் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை
"எல்லாக் கட்டணத்தையும்" என்று எழுதாதீர்கள். தனித்தனியாகக் கேளுங்கள். காப்பீட்டை ரத்து செய்து 60,000ஐயும், இதுவரை அதற்குப் போட்ட வட்டியையும் கடன் கணக்கில் வரவு வைக்க வேண்டும். பீனல் சார்ஜ் மீதான ஜிஎஸ்டி திரும்ப வேண்டும். ஒரே தவணைக்கு இரண்டாம், மூன்றாம் முறை டெபிட் போட்டதற்கான 1,180 ரூபாய் திரும்ப வேண்டும். முதல் 590ஐ விட்டுவிடுங்கள், அது அறிக்கையில் இருக்கிறது. உங்கள் சேமிப்பு வங்கி பிடித்ததற்குத் தனிக் கடிதம், அந்த வங்கிக்கு.

சிறுசேமிப்பு
ரத்து செய்தால் காப்பீடே இல்லாமல் போகுமே. சர்க்கரை உள்ள ஆள், பிள்ளைகள் இருக்கிறார்கள். இதை யாரும் யோசிக்கவில்லையா?

கணக்குப்பிள்ளை
நியாயமான கேள்வி. நோயை மறைக்காமல் சொல்லி ஒரு டேர்ம் பாலிசிக்கு முதலில் விண்ணப்பிக்கட்டும். பிரீமியம் கூடத்தான் வரும். அது கைக்கு வந்த பிறகு இதை ரத்து செய்யக் கேட்கலாம். கிடைக்கவே இல்லை என்றால் ரத்துக்குப் பதிலாக, உடல்நிலை விவரத்தைத் திருத்தி இதே காப்பீட்டைத் தொடர முடியுமா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்கட்டும். ஆனால் கட்டணத்துக்கான கடிதம் அதற்காகக் காத்திருக்க வேண்டாம், இன்றே போகலாம்.

தறிக்காரன்
டேர்ம் பாலிசிக்கு நாளைக்கே கேட்கிறேன். கடிதத்தைக் கிளையில் கொடுத்தால் சீல் வைத்துத் தருவார்களா? போன முறை "மேனேஜர் வரட்டும்" என்று உட்கார வைத்துவிட்டார்கள்.

மேலாளர் (ஓய்வு)
உட்காராதீர்கள். வங்கியின் இணையதளத்தில் குறை தீர்க்கும் அதிகாரியின் மெயில் முகவரி இருக்கும். அதற்கு அனுப்பிவிட்டு, அதே கடிதத்தைக் கிளைக்கு ஸ்பீட் போஸ்டில் போடுங்கள். மெயில் போன தேதியிலிருந்து 30 நாளை எண்ணுங்கள். தபால் ரசீது மங்கிப்போகும், வாங்கிய உடனே போட்டோ எடுத்து வையுங்கள்.