மூளைச் சில்லும் மரபணுத் திருத்தமும்: வெளிப்படுத்தின விசேஷம் சொல்லும் முத்திரை இவைதானா?

கேள்வி

2024 ஜனவரியில் நியூராலிங்க் நிறுவனம் முதன்முறையாக ஒரு மனிதரின் மூளையில் சில்லைப் பொருத்தியதிலிருந்து, எங்கள் வேதபாட வகுப்பில் வேதாகமத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தின் 13-ஆம் அதிகாரமே திரும்பத் திரும்பப் பேசப்படுகிறது. வலது கையிலோ நெற்றியிலோ முத்திரை பெறாதவன் கொள்ளவும் விற்கவும் கூடாது என்ற வசனத்தை இத்தகைய சில்லுகளோடும், தம்முடைய வருகையின் காலம் 'நோவாவின் காலம்' போலிருக்கும் என்று ஆண்டவர் சொன்னதை, அக்காலத்தில் மரபணுக் கலப்பு நடந்தது என்று கருதி, மரபணுத் திருத்தத்தோடும் சிலர் இணைக்கிறார்கள். கழுத்துக்குக் கீழே செயலிழந்த ஒருவர் நினைவாலேயே கணினியை இயக்குவதைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வசனத்தை இலேசாக எடுத்துக்கொள்ளவும் அச்சமாயிருக்கிறது. இத்தகைய தொழில்நுட்பங்களை நிதானிக்கத் தீர்க்கதரிசனம் எந்த அளவுக்கு உதவும்?

முதல் பதில்

சகோதரரே, அந்த அதிகாரத்தை 14-ஆம் அதிகாரத்தோடு சேர்த்து வாசியுங்கள். 14:9-இல், தேவனை எதிர்க்கும் வல்லமையாகிய மிருகத்தையும் அதின் சொரூபத்தையும் வணங்குவது முதலில் வருகிறது, முத்திரை அதன் பின்னரே வருகிறது. அதாவது, ஒருவன் யாருக்குச் சொந்தம் என்பதற்கே அது அடையாளம். தேவனுடைய ஊழியக்காரரின் நெற்றிகளிலும் முத்திரை போடப்படுவதாக 7:3 சொல்கிறது. அதை ஒரு மின்னணுக் கருவி என்று யாரும் விளக்குவதில்லை. ஒரே நூலில், ஒரே நெற்றியில் உள்ள இரண்டு முத்திரைகளில் ஒன்றை மட்டும் கருவியாக்குவது எந்த நியாயத்தினால்?

1974-இல் கடைகளில் பட்டைக்குறியீடு வந்தபோதும், 2004-இல் அமெரிக்காவில் தோலுக்கடியில் பொருத்தும் அடையாளச் சில்லுக்கு அனுமதி கிடைத்தபோதும், இதுவே அந்த முத்திரை என்று பலர் அடித்துச் சொன்னார்கள். அவர்கள் நல்லெண்ணத்தோடு பேசியிருக்கலாம். ஆனாலும் ஒவ்வொரு யூகமும் பொய்க்கும்போது, கேட்பவர்களுக்கு வசனத்தின்மேலேயே நம்பிக்கை தளர்ந்துபோகிறது.

நோவாவின் காலத்தைப் பொறுத்தவரை, ஆண்டவரே விளக்கம் தந்துவிட்டார் (மத்தேயு 24:38, 39). புசித்தும் குடித்தும் பெண்கொண்டும் கொடுத்தும் ஜலப்பிரளயத்தை உணராதிருந்தார்கள் என்பதே ஒப்புமை. மரபணுக் கலப்பு அங்கே இல்லை.

இரண்டாவது பதில்

மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் 'கொள்ளவும் விற்கவும்' என்ற பகுதியை அவ்வளவு எளிதில் தாண்டிப் போகவேண்டாம். இந்த நூலை யோவான் யாருக்கு எழுதினாரோ அந்தச் சபைகளுக்கு இது எதிர்காலச் செய்தியாக மட்டும் இருக்கவில்லை. தியத்தீரா போன்ற நகரங்களில் தொழிற்சங்க விருந்துகள் விக்கிரகங்களோடு பின்னிப் பிணைந்திருந்தன, ஆகவே விருந்தை மறுப்பவன் பிழைப்பையும் இழக்க நேரிடலாம். ஒரு சில்லும் இல்லாமலே அந்த நெருக்கடி அவர்கள்மேல் வந்தது. நாளை வேலைக்கோ கல்விக்கோ உடலில் ஒரு கருவி நிபந்தனையாக்கப்பட்டால், அது அந்த முத்திரை அல்ல என்றாலும், விசுவாசி விழித்துக்கொள்ள வேண்டிய இடம் அதுதான். மறுக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது, மறுப்பவனுக்கு என்ன நேரும் என்று கேட்டுப்பாருங்கள். கருவியின் வடிவத்தைவிட அந்தக் கேள்விதான் நமக்கு முக்கியம்.

மூன்றாவது பதில்

குணமாக்குவதா மேம்படுத்துவதா என்று பிரித்துப் பார்ப்பது பயனுள்ளது. கத்தோலிக்கத் திருச்சபையின் 2008-ஆம் ஆண்டுப் போதனை ஆவணமும் மரபணுச் சிகிச்சையை ஏறக்குறைய அப்படித்தான் அணுகுகிறது. ஆயினும் எல்லைக்கோடு எங்கும் கூர்மையாக இல்லை. தடுப்பூசியும் ஒருவகையில் உடலுக்கு இல்லாத வலிமையைத் தருவதுதானே?

எனக்கு முக்கியமாகப் படும் வேறுபாடு வேறு. 2023-இல் பிரிட்டனில் அனுமதிக்கப்பட்ட அரிவாள் உயிரணு நோய் என்ற பரம்பரை இரத்த நோய்க்கான கிரிஸ்பர் (மரபணுவை வெட்டித் திருத்தும் முறை) சிகிச்சை, நோயாளியின் சொந்த இரத்தத் தண்டு உயிரணுக்களை மாற்றுகிறது. மாற்றம் அவரோடு முடிகிறது. 2018-இல் சீன விஞ்ஞானி ஹே ஜியான்குய் கருவிலேயே மரபணுவைத் திருத்தி இரட்டைப் பெண்குழந்தைகளைப் பிறக்கச் செய்தார். அந்த மாற்றம் அவர்களுடைய சந்ததிக்கும் செல்லக்கூடியது, அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவும் முடியாது. மறுவருடம் அவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. தேவசாயலில் படைக்கப்பட்ட ஒருவரைத் தயாரிப்புப்பொருளாக நடத்தியதே இங்கே என்னை உறுத்துகிறது. இதைச் சொல்ல ஆதியாகமம் 1:27 போதும், வெளிப்படுத்தின விசேஷம் வேண்டியதில்லை.

தொழில்நுட்பத்தால் மனித வரம்புகளைக் கடக்கலாம் என்னும் டிரான்ஸ்ஹியூமனிசத்தின், சாவே இல்லாமல் வாழ்வோம் என்ற நம்பிக்கைக்கு மட்டும் தீர்க்கதரிசனம் நேரடியாகப் பதில் சொல்கிறது. பாவத்தில் விழுந்த மனிதன் ஜீவவிருட்சத்தின் கனியைப் புசித்து என்றென்றும் உயிரோடிராதபடிக்கு ஏதேனின் வழி அடைக்கப்பட்டதை, தண்டனையோடு இரக்கமும் கலந்ததாகவே நான் வாசிக்கிறேன். அழிவுள்ளது அழியாமையைத் தரித்துக்கொள்ளும் என்று பவுல் எழுதியது உயிர்த்தெழுதலைப் பற்றி. அது ஈவாக வருகிறது, ஆய்வகத்தில் சம்பாதிக்கப்படுவதில்லை.

கேட்டவர்

நன்றி. ஒரே ஒரு சந்தேகம்: 'அறிவும் பெருகிப்போம்' என்ற தானியேல் 12:4 இந்தத் தொழில்நுட்ப வளர்ச்சியைக் குறிக்கிறதா?

முதல் பதிலளித்தவர்

அப்படி விளக்குவோர் உண்டு. ஆனால் அதே வசனம் முத்திரிக்கப்பட்ட புஸ்தகத்தைப் பற்றிப் பேசுகிறது. ஆகையால் பெருகுவது அந்தப் புஸ்தகத்தைக் குறித்த அறிவு என்று கொள்வதே இடத்துக்குப் பொருந்துகிறது. வகுப்பில் ஒன்பதாம் வசனத்தையும் சேர்த்து வாசித்துக் காட்டுங்கள்.