இரண்டாம் வருடம்தான் கஷ்டம்

மாத்திரை இல்லாமல் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தவர்களின் அனுபவங்களை எல்லாம் படித்தேன். பெரும்பாலும் முதல் ஆறு மாதக் கதைகள். என்னிடம் அதற்குப் பிறகு நடந்ததும் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

எனக்கு இரண்டாம் வகை சர்க்கரை நோய் என்று தெரிந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. எடை 94 கிலோ, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 7.9. அப்போதுதான் பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வைப் பற்றிப் படித்தேன். மொத்தம் 306 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பேருக்கு நாளொன்றுக்குச் சுமார் 850 கலோரி தரும் சூப்பும் பானமும் மட்டும், மூன்று முதல் ஐந்து மாதம் வரை. ஒரு வருட முடிவில் இவர்களில் 46 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமலேயே இந்தச் சராசரியில் 6.5-க்குக் கீழே வந்துவிட்டார்கள். 15 கிலோவுக்குக் குறையாமல் எடை இழந்தவர்களில் 86 சதவீதம்! அந்த 86 என் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவ்வளவு எடை இழந்தவர்கள் குழுவில் கால்வாசிப் பேர்தான் என்ற வரி கண்ணிலேயே படவில்லை.

டாக்டரிடம் போய்க் கேட்டேன். இரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, “செய்யலாம். ஆனால் எந்த மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று நான்தான் சொல்வேன்” என்றார். சர்க்கரை மாத்திரையை அன்றே நிறுத்தினார், பிரஷர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார்.

சூப்பும் பானமும் ஆரம்பித்த ஆறாம் நாள் காலை வெறும் வயிற்றில் 112. அதற்கு முன் 160-க்குக் கீழே பார்த்ததே இல்லை. மீட்டர் கெட்டுவிட்டதோ என்று இன்னொரு விரலில் குத்திப் பார்த்தேன், 109. இதற்கும் காரணம் உண்டு. நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ராய் டெய்லர் குழு 2011-இல் 11 பேரிடம் செய்த சிறிய ஆய்வில், ஒரே வாரத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை சாதாரண அளவுக்கு வந்தது. உணவு குறைந்ததும் முதலில் கரைவது கல்லீரலில் சேர்ந்த கொழுப்பு. அது கரைந்ததும் கல்லீரல் இரவெல்லாம் தேவையில்லாமல் சர்க்கரையை வெளியே விடுவது குறைகிறது. கணையம் தேறுவதற்குத்தான் வாரக்கணக்கில் ஆகிறது.

ஒன்பதாம் நாள் ஷூ லேஸ் கட்டிவிட்டு நிமிர்ந்தேன், கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிரஷர் 94/60. போன் செய்ததும் மிச்சமிருந்த பாதி மாத்திரையையும் டாக்டர் நிறுத்தச் சொன்னார். தயவுசெய்து யாரும் இதைத் தனியாகச் செய்துபார்க்காதீர்கள். இன்சுலின் போடுபவர்களை அந்த ஆய்விலேயே சேர்க்கவில்லை.

நான்கு மாதத்தில் 80 கிலோ, சராசரி 5.8. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

அப்புறம் சாதாரணச் சாப்பாட்டுக்குத் திரும்பினேன். ஒரே நாளில் எதுவும் கெட்டுப்போகவில்லை. பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததை வீணாக்க மனமில்லாமல் நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வது, இரவு வேலை முடிந்து வந்து இன்னொரு கரண்டி வைத்துக்கொள்வது, இப்படித்தான் ஆரம்பித்தது. எடை பார்க்கும் கருவி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. எட்டு மாதம் பரிசோதனைக்கே போகவில்லை. டாக்டர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. கடைசியில் போனபோது 87 கிலோ, 6.8.

அன்று இரவு அந்த ஆய்வை மறுபடி எடுத்துப் படித்தேன். இரண்டாம் வருட முடிவில் 46 சதவீதம் 36 ஆகியிருந்தது. எடை திரும்பினால் சர்க்கரையும் திரும்புகிறது. நான் தவறவிட்டது இன்னொன்றும் இருந்தது: அவர்கள் சூப்பைக் கொடுத்துவிட்டு ஆட்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. பல வாரம் எடுத்துப் படிப்படியாகச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள், பிறகு மாதாமாதம் கூப்பிட்டுப் பார்த்தார்கள். 2 கிலோவுக்கு மேல் ஏறினாலே அதைச் சரிசெய்யத் தனித் திட்டம் இருந்தது. நான் அந்த ஆய்வின் முதல் பாதியை மட்டும்தான் செய்திருக்கிறேன். இரண்டாம் பாதிக்கு யாரிடமும் உதவி கேட்கவே இல்லை.

இப்போது எடைக் கருவி குளியலறை வாசலில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எடை பார்த்து, காலண்டரில் பென்சிலால் எழுதுகிறேன். 2 கிலோ ஏறினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பதில் சூப், எடை இறங்கும் வரை. மாதம் ஒருமுறை டாக்டரைப் பார்க்கிறேன். போன வாரம் 83 கிலோ, 6.3.

இரண்டு வருடம் தாண்டியும் எடையைத் தக்கவைத்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? பண்டிகை, பயணம், காய்ச்சல் என்று வரும் வாரங்களில் என்ன செய்கிறீர்கள்? என் காலண்டரில் எண் ஏறுவதெல்லாம் அந்த வாரங்களில்தான்.