அக்கானிச் சர்க்கரையிலிருந்து லாக்டிக் அமிலம்: திட வினையூக்கி உதவுமா?

கேள்வி (வேதியியல் மாணவி, குளச்சல்):
எங்கள் பக்கத்தில் அக்கானி எனும் பதநீர் இறக்கும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவார்கள். இல்லையேல் வெயில் ஏறுமுன் புளித்துக் கள்ளாகிவிடும். அச்சர்க்கரையை நொதிக்கவிடாமல், திட வினையூக்கியால் லாக்டிக் அமிலமாக மாற்ற விரும்புகிறேன். எதிலிருந்து தொடங்கலாம்?

பதில் (தக்கலை):
தங்கச்சி, வெள்ளீயம் பொதிந்த பீட்டா சியோலைட்டில் (நுண்துளைகள் நிறைந்த திடக் கனிமப்பொருள்) தொடங்குங்கள். 2010இல் டென்மார்க் ஆய்வாளர்கள் சுக்ரோஸை (சாதாரணச் சர்க்கரை) மெத்தனாலில் 160 டிகிரி செல்சியஸில் சூடாக்கி, 68 விழுக்காடு வரை மெத்தில் லாக்டேட் (லாக்டிக் அமிலத்தின் எஸ்டர்) பெற்றார்கள். அதை நீராற்பகுத்தால் லாக்டிக் அமிலம் கிடைக்கும். சுக்ரோஸ் பிரிந்து வரும் குளுக்கோஸ் ஃபிரக்டோஸாகி, அதன் ஆறு கார்பன் தொடர் நடுவில் அறுந்து மூன்று கார்பன் துண்டுகள் இரண்டாகி, அவை நீரிழந்து பைருவால்டிஹைடு எனும் இடைப்பொருளாகி, ஹைட்ரைடு இடம்பெயர்வால் (ஹைட்ரஜன் தன் எலக்ட்ரான் இணையோடு நகர்தல்) லாக்டேட்டாக முடிகின்றன. வெள்ளீயத்தின் லூயிஸ் அமிலத்தன்மையே (எலக்ட்ரான் இணையை ஏற்கும் இயல்பு) இதற்கு உயிர். பிரான்ஸ்டெட் அமிலத்தன்மை (புரோட்டான் வழங்கும் இயல்பு) மிகுந்தால் சர்க்கரை கரும்பழுப்புப் பிசினாகிவிடும். தண்ணீரில் விளைச்சல் வெகுவாகக் குறையும் என்பதால், அக்கானியை அப்படியே ஊற்றாமல் பனங்கற்கண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மெத்தனால் 65 டிகிரியிலேயே கொதிப்பது. அழுத்தம் தாங்கும் ஆட்டோகிளேவ் இல்லாமல் தயவுசெய்து முயல வேண்டாம்.

பதில் (மார்த்தாண்டம்):
சுண்ணாம்பை மறந்துவிடாதீர்கள். கருப்பட்டி காய்ச்சும் எங்கள் வீட்டில், கலயத்தடியில் வெள்ளையாகப் படிந்ததைத் தெளியவைத்து வடித்த பிறகே அடுப்பிலேற்றுவோம். எஞ்சிய காரம் வினையின் போக்கையே மாற்றும். இன்னொன்று: நொதித்தலில் லாக்டிக் அமிலத்தின், ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமான இடக்கை, வலக்கை வடிவங்களில் ஒன்றை மட்டும் பெற முடியும், இவ்வினையூக்கியிலோ இரண்டும் கலந்தே வரும். லாக்டிக் அமிலத்தைக் கோத்துச் செய்யும் பாலிலாக்டிக் அமில நெகிழியே உங்கள் நோக்கமென்றால், அவற்றைப் பிரிக்கும் செலவை இப்போதே கணக்கில் சேருங்கள்.