எல்லாரும் மாஸ்க்க கழட்டுனாங்கன்னு நானும் கழட்டுனேன், இதுக்கு ஏதாவது பேர் இருக்கா?

கோவை_ஹாஸ்டல்:
கொரோனாவால மூடுன காலேஜ 2021 செப்டம்பர்ல திறந்தாங்கல்ல, அப்ப நான் கோவை பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல மூணாவது வருஷம். அம்மா பழைய காட்டன் புடவைய கிழிச்சு பத்து மாஸ்க் தெச்சு குடுத்து விட்டாங்க. மொத நாள் மெஸ்ல தட்ட எடுத்துட்டு திரும்புறேன், லைன்ல நிக்கிற அத்தன பேருக்கும் மாஸ்க் தாடைல தொங்குது இல்லன்னா பாக்கெட்ல இருக்கு. ஒருத்தன் "என்ன மச்சி, ஆபரேஷன் தியேட்டர்ல இருந்து நேரா வர்றியா"ன்னான், எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சுட்டு கழட்டிட்டேன். இத்தனைக்கும் அந்த மே மாசம்தான் எங்க பெரியப்பா ஆக்சிஜன் பெட் கிடைக்காம இறந்து போனாரு.

போன வாரம் ஒரு கல்யாணத்துல பழைய ரூம்மேட்ஸ் நாலு பேர் உக்காந்து பேசிட்டு இருந்தோம். அன்னிக்கு கிண்டல் பண்ணவனே சொல்றான், அவங்க பாட்டிக்கு அப்ப டயாலிசிஸ் நடந்துட்டு இருந்துச்சாம், வாராவாரம் வீட்டுக்கு போறப்ப உள்ளுக்குள்ள நடுக்கமாம், நாங்க யாரும் போடலன்னுதான் அவனும் போடலையாம். மத்த ரெண்டு பேரும் அதேதான் சொன்னாங்க. அப்ப யாரப் பாத்து யாரு கழட்டுனோம்?

மனசு_படிக்கிறவ:
பேர் இருக்கு ப்ரோ, ப்ளூரலிஸ்டிக் இக்னரன்ஸ். 1931லயே காட்ஸ், ஆல்போர்ட்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் இதப் பத்தி எழுதிட்டாங்க. நம்ம மனசுல இருக்கிற பயம் நமக்கு தெரியும், அடுத்தவன் மனசு தெரியாது, அவன் மூஞ்சி மட்டும்தான் தெரியும், அதனால நான் ஒருத்தன்தான் பயப்படுறேன் மத்தவனெல்லாம் தைரியமா இருக்கான்னு முடிவு பண்ணிடுறோம், அவனும் நம்ம மூஞ்சியப் பாத்து அதையேதான் நினைக்கிறான். அமெரிக்கால பிரின்ஸ்டன் யுனிவர்சிட்டி பசங்ககிட்ட குடிப்பழக்கத்தப் பத்தி கேட்டு ப்ரெண்டிஸ், மில்லர்னு ரெண்டு பேர் 1993ல ஒரு ஆய்வு போட்டாங்க. கேம்பஸ்ல இவ்ளோ குடிக்கிறது எனக்கு சங்கடமா இருக்கு, ஆனா மத்தவங்களுக்கு அவ்ளோ சங்கடம் இல்லன்னு பெரும்பாலானவங்க நினைச்சிருக்காங்க. உங்க மெஸ் லைன் அப்படியே இதுதான்.

கிராம_நர்ஸ்_அக்கா:
தம்பி, நான் ஊர் ஊரா போய் தடுப்பூசி போட்டவ. ஒரு ஊர்ல வயசுப் பசங்க இருபது பேர் வேப்பமரத்தடில நின்னு வேடிக்கை பாக்கிறாங்க, ஒருத்தனும் பக்கத்துல வரல. காய்ச்சல் வரும், உடம்பு வலிக்கும், ரெண்டு நாள்ல சரியாயிடும்னு தொண்டை வத்த சொல்லி பாத்தேன். கடைசில அவங்க கபடி டீம் கேப்டன் பையன் சட்டைக் கைய மடிச்சுட்டு வந்து உக்காந்தான், ஊசி போட்டதும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சான். அரை மணி நேரத்துல பாட்டில் பத்தல, பிஎச்சிக்கு, அதான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, போன் போட்டு இன்னும் கொண்டு வரச் சொன்னேன். அதுக்கப்புறம் எந்த ஊருக்குப் போனாலும் மொதல்ல அந்த மாதிரி பையன் யாருன்னுதான் விசாரிப்பேன்.

திருச்சி_ராத்திரி:
எல்லாத்தையும் ஃப்ரெண்ட்ஸ் மேல போட வேணாம். ஒரு ரூம்ல நாலு பேர், கரண்ட் போனா ஃபேன் இல்ல, மெஸ்ல வாயத் திறக்காம எப்படி சாப்பிடுறது? ரோட்ல 200 ரூபா ஃபைன் இருந்துச்சு, போலீஸ பாத்தா மூக்கு வரைக்கும் ஏறும், தாண்டுனதும் இறங்கிடும். அதுக்கு காரணம் ஃப்ரெண்ட்ஸ் இல்லையே.

மனசு_படிக்கிறவ:
ஒத்துக்கிறேன், சாப்பிடுறப்ப கழட்டித்தான் ஆகணும். ஆனா அவரு கழட்டுனது லைன்ல, எல்லாரும் சிரிச்சப்ப. இன்னொன்னு சொல்லணும். அப்ப நியூஸ்லயும் போஸ்டர்லயும் "இளைஞர்கள் யாரும் மாஸ்க் போடுறதில்ல"ன்னு திட்டிட்டே இருந்தாங்க, அது தப்பான வேலை. அரிசோனால ஒரு நேஷனல் பார்க்ல கல்லாப் போன பழைய மரத்துண்டுகள ஆளுங்க திருடுறாங்கன்னு சியால்டினின்னு ஒரு உளவியல் ஆய்வாளரோட டீம் ரெண்டு போர்டு வச்சு பாத்தாங்க. நிறைய பேர் எடுத்துட்டு போறாங்கன்னு சொன்ன போர்டு இருந்த இடத்துல 7.92% துண்டு காணாமப் போச்சு, எடுக்காதீங்கன்னு மட்டும் சொன்ன இடத்துல 1.67%தான். யாரும் போடலன்னு நாமளே சொன்னா, போடுறவனும் கழட்டிடுவான்.

கோவை_ஹாஸ்டல்:
இத படிச்சதும் ஒரு விஷயம் ஞாபகம் வந்துச்சு. அன்னிக்கு மெஸ்ல கடைசி டேபிள்ல ஒரு ஜூனியர், சாப்பிட்டு முடிச்ச உடனே மறுபடி மாஸ்க் மாட்டுவான். மூணு நாள் அப்படியே செஞ்சான், நாலாவது நாள் அவனும் போடல. நாங்க ஒரு வார்த்தை கூட அவன சொல்லல, சும்மா பாத்தோம், அவ்ளோதான். அவன் நம்பர் இன்னும் என்கிட்ட இருக்கு, இன்னிக்கு சாயங்காலம் கூப்பிட்டு பேசப் போறேன்.